‘சரி’க்கு இங்கிலீஷில் என்ன? ஒரு கோடு போட்ட தாளின் மீது விமர்சனம்

போன மாதம் என் அக்கா பொண்ணு ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஜெராக்ஸ் தாள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘ஃபார்மல்’, வலது பக்கம் ‘இன்ஃபார்மல்’. ஆங்கிலத்தில் சம்மதம் தெரிவிக்கும் வழிகளாம். இடது பக்கத்தில் ‘ஐ அக்ரீ’, ‘ஐ கன்கர்’, ‘ஐ ஆம் இன் கம்ப்ளீட் அக்ரிமெண்ட் வித் யூ’, ‘சர்ட்டன்லி’. வலது பக்கத்தில் ‘யா’, ‘ஷ்யூர்’, ‘ஓகே’, ‘சவுண்ட்ஸ் குட்’, ‘யூ பெட்’. கீழே கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கை: அலுவலகத்தில் இடது பக்கத்தை மட்டும் பயன்படுத்தவும்.

“மாமா, இதை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்காங்க. பண்ணிட்டேன். ஆனா பேசும்போது ஒண்ணுகூட வாயில வர மாட்டேங்குது. வந்தாலும் எதிர்ல இருக்கறவங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க.”

இந்தத் தாள் அவளிடம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில். வேலை ஒரு கம்பெனியில், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. அந்தப் பக்கம் வெளிநாட்டு வாடிக்கையாளர். சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு சாயங்காலம் போன். “யூ ஹேவன்ட் சென்ட் த ஃபைல் யெட்?” என்று கேட்டிருக்கிறார். ஃபைலை இன்னும் அனுப்பலையா என்று கேள்வி. இவள் அனுப்பவில்லைதான். “எஸ்” என்றாள். ஆமா, இன்னும் அனுப்பலை என்று அவள் மனசில் அர்த்தம். அவர் காதில் விழுந்ததோ, அனுப்பிவிட்டேன் என்று. ராத்திரி முழுக்க மெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் புகார் வந்தது. இவளுடைய ப்ரொபேஷன் மூன்று மாதம் நீண்டது. ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதி ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் பயிற்சியில் கொடுத்த தாள்தான் இது.

வியாதி ஒன்று, மருந்து வேறு என்பதுதான் என் முதல் புகார். ‘எஸ்’ இன்ஃபார்மல் சொல் என்பதாலா அன்றைக்குக் குழப்பம் வந்தது? அதே இடத்தில் ‘ஐ கன்கர்’ என்று சொல்லியிருந்தால் மட்டும் அவருக்கு விளங்கியிருக்குமா? கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எங்கேயோ அர்த்தம் வழுக்கியிருக்கிறது. அதைப் பார்க்காமல் சொல்லுக்குக் கோட்டு மாட்டிவிட்டால் போதும் என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

இது ஒரு வகுப்பின் தனிச்சொத்து இல்லை. நெட்டில் தேடினால் இதே கோடும் இதே இரண்டு பக்கமும் நூறு இடத்தில் கிடைக்கும். அதனால் நான் விமர்சிப்பது வகுப்பை இல்லை, கோட்டை.

தாளுக்குச் சேரவேண்டிய நியாயம்

எங்கள் தலைமுறைக்கு இந்தத் தாள்கூடக் கிடைக்கவில்லை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் ‘அக்ரிமெண்ட்’ பற்றிப் பாடம் உண்டு. எழுவாயும் வினையும் ஒத்துப்போவதைப் பற்றியது அது. ‘ஹி கோ’ தப்பு, ‘ஹி கோஸ்’ சரி என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தோம். ஒரு மனிதர் சொன்னதற்கு இன்னொரு மனிதர் எப்படி ஆமாம் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வகையில் தாள் ஒரு படி மேல்.

எழுத்து என்று வந்தால் தாளில் பாதி சரியும்கூட. ஒரு டெண்டருக்குப் பதில் எழுதும்போது ‘யா, சவுண்ட்ஸ் குட்’ என்று எழுத முடியாது. ‘வீ அக்செப்ட்’ என்றுதான் எழுத வேண்டும்.

தமிழ்க்காரர்களுக்கு இந்தக் கோடு சட்டென்று பிடித்துப்போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மொழியிலேயே இப்படி ஒரு கோடு ஓடுகிறது. எழுதினால் ‘ஆம்’, பேசினால் ‘ஆமா’. மேடையில் ‘ஒப்புக்கொள்கிறேன்’, வீட்டில் ‘ஒத்துக்கறேன்’. ஒரே மொழிக்குள் உயர்ந்தது ஒன்று, அன்றாடத்துக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் இருப்பதை மொழியியலில் ‘டைக்ளாசியா’ என்பார்கள். 1959-ல் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான சொல் அது. தமிழ் அதற்குக் கச்சிதமான உதாரணம். திருச்சியில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போங்கள். மைக் முன்னால் “உடன்படுகிறேன்” என்ற அதே ஆள், கீழே இறங்கி டீ குடிக்கும்போது “கரெக்ட்டுங்க” என்பார். நமக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்திலும் இதே மாதிரி மேடை வடிவம் ஒன்று இருக்கிறது, மரியாதைப்பட்ட இடத்தில் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அப்படி இயங்குவதில்லை. ஒரு பெரிய கம்பெனியின் தலைவர் கூட்டத்தில் ‘ஷ்யூர்’ என்பார், வீட்டில் மகளிடமும் ‘ஷ்யூர்’ என்பார். மேடை ஏறியதும் மாற்றிப் போட்டுக்கொள்ள அவருக்குத் தனியாக ஒரு வினைமுற்று கிடையாது.

‘ங்க’ எங்கே போயிற்று?

தமிழில் சம்மதத்துக்கு ஒரே சொல் போதும். சரி. அப்பாவிடம் ‘சரிப்பா’, அம்மாவிடம் ‘சரிம்மா’, நண்பனிடம் ‘சரிடா’, கடைக்காரரிடம் ‘சரிங்க’. சொல் மாறவில்லை, வால்தான் மாறுகிறது. மரியாதை முழுக்க அந்த வாலில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் இன்னொரு வகையும் கேட்கலாம். வைஷ்ணவப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டால், சின்னவர் ‘அடியேன்’ என்பார். ‘நான்’ என்பதற்கும் அதே சொல், ‘வந்தேன், சொல்லுங்கள், ஆகட்டும்’ என்பதற்கும் அதே சொல். தன்னைக் கீழே வைத்துக்கொள்வதே அங்கே சம்மதம்.

இந்த வால் ஆங்கிலத்தில் இல்லை. நாம் சும்மா இருப்போமா? ‘சார்’ என்ற சொல்லை எடுத்து வாலாகப் போட்டுக்கொண்டோம். ‘எஸ் சார்’, ‘ஓகே சார்’, ‘டன் சார்’, ‘ஷ்யூர் சார்’. இந்திய ஆங்கிலத்தில் ‘சார்’ ஏன் இத்தனை தடவை வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அது அவர்களுடைய ‘சார்’ இல்லை, நம்முடைய ‘ங்க’. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் நம் காதுக்கு மொட்டையாக, திமிராகக் கேட்கும். எதிர்த்திசையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. ‘ஓகேங்க’, ‘ஓகேடா’, ‘ஓகேப்பா’. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி, முதல் எழுத்துகளைச் சுருக்கிப் போட்ட தமாஷ்தான் ‘ஓகே’. அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் 1960களில் இதைத் தேடிப் பிடித்தார். அந்தத் தமாஷுக்கு ‘ங்க’ ஒட்டி, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்கு விலை முடிக்கிறோம். இன்னமும் இது இன்ஃபார்மலா?

இப்போது அக்கா பொண்ணிடம் திரும்பி வருவோம். வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ‘சார்’ வேண்டாம் என்று கம்பெனியிலேயே சொல்லிவிட்டார்கள். வால் போயிற்று. அம்மா வயசு ஆளிடம் வெறும் ‘ஷ்யூர்’ என்று சொல்ல அவளுக்கு நாக்கு கூசுகிறது. அந்த நேரம் பார்த்து இந்தத் தாள் வருகிறது. இடது பக்கத்தில் நீளநீளமான சொற்கள். நீளமானால் மரியாதை கூடுதல் என்று தோன்றுவது இயல்புதான். “ஐ கம்ப்ளீட்லி கன்கர்” என்றாள். ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கோட்டின் முதல் தப்பு இது. ஃபார்மல் என்பதை மரியாதை என்று படிக்க வைக்கிறது. ஆங்கிலத்தில் ஃபார்மல் என்பது பெரும்பாலும் தூரத்தைக் குறிக்கும், அல்லது பதிவுக்குப் போகிற பேச்சைக் குறிக்கும். மரியாதை வேறு சரக்கு. சிரித்த முகத்தோடு சொன்ன ‘ஷ்யூர், ஹேப்பி டு’ என்பதில் மரியாதை முழுசாக இருக்கிறது, தூரம் மட்டும் இல்லை. வெறும் ‘நோட்டட்’ என்று பதில் போட்டால் தூரம் இருக்கும், மரியாதை சந்தேகம்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஆய்வுக்குத் தமிழே ஒரு மூலதனம் என்பது பலருக்குத் தெரியாது. பெனலோபி ப்ரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரும் பணிவுப் பேச்சு பற்றி எழுதியது 1978-ல் நீண்ட கட்டுரையாகவும் 1987-ல் புத்தகமாகவும் வந்தது. அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்ட்டால், நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். அவர்கள் கணக்கில் மூன்று அளவுகள் வருகின்றன. இருவருக்கும் நடுவே அதிகாரம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, கேட்கிற காரியத்தின் பாரம் எவ்வளவு. மூன்றும் தனித்தனியே கூடும், குறையும். அப்பாவிடம் அதிகாரம் அதிகம், தூரம் குறைவு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அதிகாரம் ஒன்றுமில்லை, தூரம் அதிகம். தாள் இந்த மூன்றையும் ஒரே கோட்டில் போட்டு அமுக்குகிறது. அந்தப் புத்தகத்தின் மீதும் பின்னால் வந்தவர்கள் நிறையக் கேள்வி எழுப்பினார்கள். ஆனாலும் மூன்று இருந்த இடத்தில் ஒன்று போதும் என்று யாரும் சொல்லவில்லை.

ஃபார்மலாக இருந்தால்தான் கனமாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு நம்ம ஊரிலேயே பதில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதா, கம்ப்யூட்டரையும் இயற்பியலையும் பேச்சுத்தமிழ் கலந்துதான் எழுதினார். அதனால் விஷயம் லேசாகிவிடவில்லை.

யார் ‘அக்ரீ’ சொல்லலாம்?

‘ஐ கன்கர்’ எங்கே இயல்பாக வாழ்கிறது? நீதிமன்றத்தில். திருச்சி மாவட்ட வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போகிற மதுரைக் கிளையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீதிபதிகள் உட்காருகிறார்கள், ஒருவர் தீர்ப்பு எழுதுகிறார், மற்றவர் உடன்படுகிறார். அந்த உடன்பாட்டுக்கு எடை உண்டு. அவர் நினைத்தால் மறுத்து வேறு தீர்ப்பு எழுத முடியும். மறுக்க உரிமை உள்ளவர் சொல்வதால்தான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு.

‘ஐ அக்ரீ’யும் கொஞ்சம் அப்படித்தான். நீ சொன்னதை நான் எடைபோட்டேன், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது என்று அதற்குள் ஒரு சமத்துவம் இருக்கிறது. கருத்துக்குச் சொல்லும்போது அது அழகு. ‘இந்த டிசைன் சிக்கலாக இருக்கிறது’ என்று மேலதிகாரி சொன்னால் ‘ஐ அக்ரீ’ என்பது நல்ல பதில். ‘நாளைக்குள் அனுப்பிவிடு’ என்று அவர் சொன்னதற்கு ‘ஐ அக்ரீ’ என்றால் நாம் ஏதோ அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். அங்கே ‘வில் டூ’ போதும். தாளின்படி ‘ஐ அக்ரீ’ ஃபார்மல், ‘வில் டூ’ இன்ஃபார்மல். ஆக, அலுவலகத்தில் தப்பானதைச் சொல், சரியானதைச் சொல்லாதே என்று தாள் கற்றுத்தருகிறது.

தமிழில் இந்த நுணுக்கம் நமக்குத் தண்ணீர்பட்ட பாடு. கருத்துக்கு ‘ஆமா’, காரியத்துக்கு ‘சரி’. ‘வெயில் ஜாஸ்தி’ என்றால் ‘ஆமாங்க’. ‘குடை எடுத்துக்கோ’ என்றால் ‘சரிங்க’. மாற்றிச் சொன்னால் ஐந்து வயசுக் குழந்தைகூடச் சிரிக்கும். கூட்டத்தில் தீர்மானம் வந்தால் மூன்றாவதாக ஒன்று, ‘வழிமொழிகிறேன்’. ஆங்கிலத்தில் ‘ஐ செகண்ட் தட்’ கூட்ட அறையிலிருந்து இறங்கி, ‘காபி சாப்பிடலாமா’ என்பதற்கெல்லாம் பதிலாகிவிட்டது. நம் ஆட்களும் ‘வழிமொழிகிறேன்’ என்பதை இப்போது சாப்பாட்டு விஷயத்துக்குத் தமாஷாகச் சொல்கிறார்கள். எந்தச் சொல்லும் கோட்டின் ஒரே பக்கத்தில் கட்டிப்போட்ட மாதிரி நிற்பதில்லை.

எதற்குச் சொன்ன ‘சரி’?

எங்கப்பா ரயில்வேயில் இருந்தவர். ஸ்டேஷன் போனில் ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது என்பார். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை விட ‘லைன் கிளியர்’ கேட்க வேண்டும். தகவலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை உறுதிப்படுத்த ‘பிரைவேட் நம்பர்’ என்று ஒரு எண்ணைக் கொடுத்து, வாங்கி, எழுதிக்கொள்ள வேண்டும். “ம்”, “ஆங்”, “சரி சரி” எதையும் நம்பி வண்டியை விட முடியாது. சம்மதம் என்றால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் மனசில் வைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும்.

விமானத்திலும் அதே கதை. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கும் விமானி ‘ராஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுக்கக் கேட்டது என்று மட்டும்தான் அர்த்தம். ஆமாம் என்பதற்கு ‘அஃபர்ம்’. சொன்னபடி செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’. ஆமாமா இல்லையா என்று கேட்ட கேள்விக்கு ‘ராஜர்’ என்று பதில் சொல்லக்கூடாது. கப்பற்படையில் ‘ஐ’ என்றால் ஆமாம். ‘ஐ ஐ சார்’ என்றால் உத்தரவு புரிந்தது, நிறைவேற்றுகிறேன். உயிர் போகிற தொழில்களில் ஃபார்மல், இன்ஃபார்மல் என்று பிரிக்கவில்லை. கேட்டேன், ஆமாம், செய்கிறேன் என்று பிரித்தார்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒன்று உண்டு. பெருமாள் சார்பில் ஒருவர் பெயரைச் சொல்லி அழைப்பது ‘அருளப்பாடு’. அழைக்கப்பட்டவர் ‘நாயிந்தே’ என்று குரல் கொடுப்பார். யோசித்து ஒப்புக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இதோ இருக்கிறேன் என்பதே சம்மதம். அமெரிக்க மொழியியலாளர் மார்ட்டின் ஜூஸ் 1960களில் ஆங்கில நடைகளை ஐந்தாகப் பிரித்து, மாறாத சடங்கு வாக்கியங்களை ‘உறைந்த’ நடை என்றார். ‘நாயிந்தே’ அங்கே சேரும். கவனியுங்கள், இரண்டு அறை போதாது என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நம்முடைய ‘உம் கொட்டுவது’. பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். போனில் பேசும்போதும் நாம் ‘ஆங், ஆமா, சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். காது இங்கேதான் இருக்கிறது என்று காட்டுவதற்கு. அதையே ஆங்கிலத்தில் ‘எஸ், எஸ், ஓகே, எஸ்’ என்று கொட்டினால், எதிரில் இருப்பவர் ஒவ்வொன்றையும் ஒப்புதல் என்று எழுதிக்கொள்வார். கடைசியில் ‘நான் அப்படி ஒத்துக்கவே இல்லையே’ என்று நாம் முழிப்போம். உம் கொட்ட ஆங்கிலத்தில் ‘ரைட்’, ‘ஐ சீ’, ‘கோ ஆன்’ இருக்கின்றன. இதைத் தாள் சொல்வதே இல்லை.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சம்மதத்துக்கு இலக்கணம் சொல்கிறது. சுருக்கமாக, இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். ஒரே அர்த்தத்தில் என்பதுதான் முக்கியம். எந்த அகராதிச் சொல்லால் ஒப்புக்கொண்டார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை.

‘எஸ்’ வைத்த பொறி

இனி அந்த ஃபைல் கதை. ‘நீ வரலையா?’ என்று கேட்டால் தமிழில் என்ன பதில்? ‘ஆமா, வரலை’ என்றும் சொல்வோம், ‘இல்ல, வரலை’ என்றும் சொல்வோம். இரண்டும் ஒன்றுதான். ‘இல்ல, வரேன்’ என்று மாற்றியும் சொல்லலாம். அதாவது தமிழில் முதல் சொல்லை யாரும் நம்புவதில்லை. பின்னால் வரும் வினைச்சொல்தான் விஷயத்தைச் சொல்கிறது. ‘ஆமா’ என்பது கேட்டவரின் வாக்கியத்துக்குச் சம்மதம். ஜப்பான்காரர்களின் ‘ஹாய்’ இதே ஜாதி.

ஆங்கில ‘எஸ்’ கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. நடந்திருந்தால் ‘எஸ்’, நடக்கவில்லை என்றால் ‘நோ’. கேள்வி எப்படி வந்தாலும் அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் இதற்கு நான்கு சொல் இருந்தது. சாதாரணக் கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘எஸ்’, ‘நோ’. 1532-ல் தாமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த டிண்டேலை, ‘நே’ வரவேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்று பிடித்து உலுக்கினார். பிற்பாடு அந்த ஏற்பாடு தேய்ந்துபோயிற்று. பிரெஞ்சில் ‘சி’, ஜெர்மனில் ‘டோக்’ என்று எதிர்மறையை மறுக்கத் தனிச்சொல் இன்றைக்கும் இருக்கிறது. ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது. ஆக, அன்றைக்குத் தடுக்கி விழுந்ததில் அவளுடைய பங்கு பாதி, ஆங்கிலத்தின் பங்கு பாதி.

‘டூ யூ மைண்ட்’ இன்னொரு பொறி. ‘மீட்டிங்கைத் தள்ளிவைத்தால் உங்களுக்கு ஆட்சேபணையா?’ என்று கேட்கிறார்கள். சம்மதம் என்றால் ‘நோ, நாட் அட் ஆல்’. நம் ஆள் பணிவாக ‘எஸ் எஸ்’ என்பார். ‘ஐ குடன்ட் அக்ரீ மோர்’ என்பதைக் கேட்டு, நாம் சொன்னதை மறுக்கிறார் என்று முகம் வாடியவர்கள் உண்டு. இதைவிட முழுதாக ஒத்துக்கொள்ள முடியாது என்று அர்த்தம். ‘ஃபேர் இனஃப்’ அரைச் சம்மதம். ‘ஐ டெண்ட் டு அக்ரீ’ முக்கால். ‘பாயின்ட் டேக்கன்’ என்றால் உன் குறையை ஏற்கிறேன், இத்தோடு விடு. நமக்கும் உண்டே. ‘சரி சரி’ என்று இரண்டு தடவை சொன்னால் போதும் நிறுத்து. ‘சரிதான்’ என்று இழுத்தால் கிண்டல். ‘சரி, பார்க்கலாம்’ என்றால் நடக்காது. ‘ஆமாம் சாமி’ என்பதோ ஆளுக்கே பட்டப்பெயர். இவற்றையெல்லாம் ஃபார்மல், இன்ஃபார்மல் என்று எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

கோட்டுக்குப் பதில்

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். தாளைத் திருப்பி, பின்பக்கம் நான் அவளுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: எதற்குச் சரி சொல்கிறாய்? கருத்துக்கா, வேண்டுகோளுக்கா, யோசனைக்கா, உத்தரவுக்கா, வெறுமனே கேட்டதற்கா? கருத்து என்றால் ‘ஐ அக்ரீ’, ‘தட்ஸ் ட்ரூ’. வேண்டுகோள் என்றால் ‘ஷ்யூர்’, ‘ஆஃப் கோர்ஸ்’. யோசனை என்றால் ‘சவுண்ட்ஸ் குட்’, ‘தட் வொர்க்ஸ் ஃபார் மீ’. உத்தரவு என்றால் ‘வில் டூ’. கேட்டது என்றால் ‘காட் இட்’, ‘அண்டர்ஸ்டுட்’.

இரண்டு: நாளைக்கு இதைக் காகிதத்தில் காட்டுவார்களா? காட்டுவார்கள் என்றால் ஃபார்மல் பக்கம் போ. ‘வீ அக்செப்ட்’ என்று எழுதி, எதை ஏற்கிறோம், எந்தத் தேதிக்குள் என்றும் எழுது.

மூன்று: கேள்வியில் ‘நாட்’ இருக்கிறதா? இருந்தால் ‘எஸ்’, ‘நோ’ இரண்டையும் தனியாக விடாதே. தமிழில் செய்வது போலப் பின்னாலேயே வினைச்சொல்லைக் கொண்டுவா.

மூன்றாவதில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ நான் தமிழ்ல பேசற மாதிரியே பேசினா போதுமா மாமா? இத்தனை நாளா தமிழ்ல யோசிக்காதே, தமிழ்ல யோசிக்காதேன்னுதானே சொன்னாங்க?”

பாதி போதும் என்றேன். வாலை விட்டுவிடு, வினையை விடாதே.

மரியாதைக்கு என்ன பண்ணுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்கு என்னிடம் சொல் இல்லை. குரலிலும், நேரத்துக்கு அனுப்பும் ஃபைலிலும்தான் அது இருக்கிறது. நாற்பது வருஷமாக ‘சார்’ போட்டே பேசிய என் நாக்குக்கு இதை நம்புவது கஷ்டம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வால் இல்லாமல் பேசினால் எனக்கு இன்றைக்கும் ஏதோ செருப்போடு சன்னதிக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ப்ரொபேஷன் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முடிவு என்னவாகும் என்று தெரியாது. போன வியாழக்கிழமை நான் அங்கே இருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. அடுத்த அறையிலிருந்து குரல் மட்டும் கேட்டது. அவர் என்ன கேட்டாரோ, இவள் சொன்னது இது: “நோ, நாட் யெட். ஐ வில் சென்ட் இட் பை நைன் டுநைட்.”

‘கன்கர்’ இல்லை, ‘சார்’ இல்லை. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஃபைல் போய்விட்டது.